கல்லை ஒட்டி நிறுத்து

ஹெர்மானஸின் பட்டறைச் சுவரில்
இரண்டு இரும்புகள் சாய்ந்து நிற்கின்றன.
ஒன்று பளபளக்கிறது:
பாதம் பதிய அகலம், வழுக்காத ரப்பர்,
நட்சத்திர விடுதிக் காவலாளியின் பணிவு.
மற்றது வெறும் குழாய்.
கறுப்பு மை, வெல்டிங் தழும்பு,
யாரையும் வாவென்று கூப்பிடாத முகம்.

"மனுஷன் ஏறணும்னா சைடு ஸ்டெப்.
கல் ஏறக் கூடாதுன்னா ராக் ரெயில்.
எது வேணும், வெமுனா?"
பல்லிடுக்கில் தீக்குச்சியோடு கேட்கிறான்.
ஒப்புவோவில் இவன் ஒருவன்தான்
கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பான்.
மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவன்.

நான் ஓட்டுவது மருத்துவமனை வண்டி.
பின்னிருக்கையில் பெரும்பாலும்
ஓர் உடம்பில் இரண்டு உயிர்.
எங்கள் ஹெரேரோப் பெண்களின் உடை தெரியுமா உங்களுக்கு?
பாவாடைமேல் பாவாடை, அதன்மேல்
தரையைக் கூட்டிக்கொண்டு வரும் நீள அங்கி,
தலையில் மாட்டுக்கொம்பாய் விரிந்த துணி.
நிறைமாதமும் சேர்ந்துவிட்டால்
மண்ணுக்கும் வண்டிக்கும் நடுவிலுள்ள இரண்டரை அடி
தனியாக ஒரு மலை.

படி வேண்டும். யார் இல்லையென்றது?
படி இருந்தது, போன மார்ச் வரை.

ஹோருசிப் ஆற்றில் தண்ணீர் வடிந்து ஒரு வாரம்.
வெள்ளம் புரட்டிப்போட்ட கற்களிடையே
இடச்சக்கரம் நழுவ,
வண்டி தன் முழு எடையோடு
படிமேல் உட்கார்ந்தது.
படி என்ன செய்யும்?
மேல்நோக்கி மடங்கிக்
கதவைக் கவ்விக்கொண்டது.
வலப்பக்கம் கரையோடு ஒட்டிக் கிடக்கிறது.
பின்கதவை அடைத்து மருந்துப் பெட்டிகள்.
உள்ளே காவெசெம்பி,
ஆறு நிமிடத்துக்கு ஒரு வலி.

ஏறுவதற்கென்று வைத்தது
இறங்க விடவில்லை.

ஜன்னல் வழியாகத்தான் எடுத்தோம்.
முதலில் பாவாடைகள் வந்தன,
ஒவ்வொன்றாக,
வாக்குச்சீட்டு எண்ணுவதுபோல்.
பிறகு அவள் வந்தாள்.
திட்டிக்கொண்டே வந்தாள்.
அவற்றில் ஒன்றுகூட
மருத்துவமனைப் பதிவேட்டில் இல்லை.
வண்டி நிழலில் பெண் குழந்தை,
மூன்று கிலோ இருநூறு.

"குழாயைப் பூட்டு" என்றேன்.

அது கதவின் உறவில்லை, சேசிஸின் எலும்பு.
கல்மேல் உட்கார்ந்தால் முனகும், சறுக்கும்,
இறங்கிவிடும்.
கதவுக்குச் சேதி போகாது.
ஆனால் மிதித்து ஏற
அரைப் பாதத்துக்குத்தான் இடம்.
அதனால் ஒரு பால் கிரேட்டைக்
கயிற்றில் கட்டி எடுத்துப் போனேன்.
மூன்றாம் பயணத்திலேயே
புர்ரோஸில் மறந்துவிட்டு வந்தேன்.
இப்போது அதில்
யாருடைய கோழியோ முட்டையிடுகிறது.

ஜூலையில், தடுப்பூசிக்கென்று,
பாதையோரம் நின்றிருந்தாள் காவெசெம்பி.
இடுப்பில் அந்த மூன்று கிலோ இருநூறு,
இப்போது ஏழு.
குழாயைப் பார்த்தாள். உயரத்தைப் பார்த்தாள்.
என் முகத்தையும் ஒருமுறை.
மோவாயால் காட்டினாள்:
முழங்கால் உயரத்தில் ஒரு கறுத்த பாறை,
முதுகு தட்டையானது.

"கல்லை ஒட்டி நிறுத்து."

"உரசுமே."

"அதுக்குத்தானே இதைப் பூட்டினே?"

ஒட்டினேன்.
இரும்பு பாறையில் இழுபட்டு
என் பல்லெல்லாம் கூசிற்று.
விரல் நுழைய இடமில்லை.
அவள் பாறைமேல் ஏறினாள்,
அங்கியின் விளிம்பைக்கூடத் தூக்காமல்
பாறையிலிருந்து குழாய்,
குழாயிலிருந்து இருக்கை,
நடந்து உள்ளே போய்விட்டாள்.
கதவு தானாகச் சாத்திக்கொண்டதுபோல் இருந்தது.

"கீறலுக்கு மை தொட்டு வைக்கவா?" என்று
ஹெர்மானஸ் அடுத்த வாரம் கேட்டான்.
எத்தனை முறை தொட்டு வைப்பாய்?

வண்டியின் பயணக் குறிப்பேட்டில்,
டீசல் கணக்குக்குக் கீழே,
இப்போது கற்கள் இருக்கின்றன.
செஸ்ஃபொன்டைன்: பள்ளிக்குப் பின்னால், இரண்டு.
புர்ரோஸ்: ஆமை முதுகு, மழையில் வழுக்கும்.
ஓருபெம்பே: கல் உண்டு, மேலே ஆடு படுத்திருக்கும்,
ஹாரன் அடித்தால் போதும்.

ஒப்புவோ மருத்துவமனை வாசலில் மட்டும்
கல் கிடையாது.
வழுவழுவென்று சிமெண்டுத் தரை.
அங்கேதான் எல்லோரும்
இறங்கத் தடுமாறுகிறார்கள்.